தலையும் கவசமும்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "தம்பி, இருபது நிமிஷம் பேசணும். இன்ஜினியரிங் விஷயமாவும் இருக்கணும், சாப்பாட்டுக்கு முன்னால யாரும் தூங்கிடவும் கூடாது" என்றார். என்ன பேசுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். இன்று காலை நம் வண்டி நிறுத்தும் கொட்டகை வழியாக வந்தபோது, தேர்ந்தெடுத்த தலைப்பு சரிதான் என்று தோன்றியது. பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் காலத்தில் பத்து வண்டிக்கு ஒன்று இருந்தால் பெரிது. ஆனால் கைசும்மா இருக்காமல் ஐந்தாறை எடுத்துப் பார்த்தேன். (உரியவர்கள் மன்னிக்கவும்.) இரண்டில் தாடை வாரின் பூட்டு உடைந்திருந்தது. ஒன்றுக்கு உள்ளே வெறும் ஸ்பாஞ்சுதான், வேறு எதுவும் இல்லை.

நான் ஹெல்மெட் கம்பெனியில் வேலை செய்பவன் அல்ல. கோயம்புத்தூரில் மோட்டார் பம்புகளைப் பெட்டியில் அடைத்து வெளியூர் அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். பெட்டிக்குள் எவ்வளவு தெர்மோகோல் வைப்பது, எந்த மூலையில் வைப்பது என்று முடிவு செய்து, பெட்டியைத் தூக்கிக் கீழே போட்டு, திறந்து பார்ப்பது என் வேலை. "எங்க மாப்பிள்ளை இன்ஜினியருங்க, பெட்டியைக் கீழ போடறதுக்குச் சம்பளம் வாங்கறாரு" என்று என் மாமியார் சொந்தக்காரர்களிடம் சொல்வார். அது பொய்யும் இல்லை. ஹெல்மெட்டும் ஒரு பேக்கிங்தான் என்பதால் இதைப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

2007 ஜூன் 1 அன்று தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் என்று அறிவித்தார்கள். நான் முதலாண்டு முடித்திருந்த சமயம். ரோட்டோரத்தில் தார்ப்பாய் விரித்து, தர்பூசணி மாதிரி ஹெல்மெட்டுகளைக் குவித்து வைத்து விற்றார்கள். நானும் ஒன்று வாங்கினேன், 180 ரூபாய். அதை வாங்கியது போலீஸ்காரருக்காகத்தான், தலைக்காக இல்லை. விடுதியில் அதில் தண்ணீர் பிடித்துச் செடிக்கு ஊற்றியதும் உண்டு. பிறகு கெடுபிடி தளர்ந்தது, ஹெல்மெட் கட்டிலுக்கு அடியில் போயிற்று. மறுபடி 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, ஜூலை 1 முதல் ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம் என்று ஆனது. என் கதை அதற்கு ஒரு வருஷம் முன்னால் நடந்தது.

2014-ல், வேலைக்குச் சேர்ந்து சம்பளம் வாங்கும் ஆள் என்ற கெத்தில், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, முகம் முழுக்க மூடும் நல்ல ஹெல்மெட் ஒன்று வாங்கியிருந்தேன். கடையில் என் அளவு கொஞ்சம் கன்னத்தை அழுத்தியது. அடுத்த அளவைப் போட்டேன், சுகமாக இருந்தது. காற்று போகிறது, கண்ணாடியைக் கழற்றாமலே மாட்ட முடிகிறது. "இதையே குடுங்கண்ணா" என்று வாங்கி வந்துவிட்டேன்.

ஒரு ராத்திரி மனைவியை அவள் அம்மா வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அவள் அப்போது ஆறு மாதம். அவள் தலையில் ஹெல்மெட் கிடையாது, பக்கத்துத் தெருதானே என்று. திரும்பும் வழியில் ஒரு வளைவில் லாரியிலிருந்து சிந்திய மணல். வேகம் இருபது, இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. வண்டி பக்கவாட்டில் சரிந்தது, அவ்வளவுதான். விழும்போது ஹெல்மெட் பின்பக்கமாக உருண்டு நெற்றி வெளியே வந்துவிட்டது. சாலை நடுத் திண்டின் விளிம்பில் நெற்றி பட்டது. ஏழு தையல். அன்று மாலை மாமியார் வீட்டில் என்ன சாப்பிட்டேன் என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை. இட்லி என்று அவர்கள் சொல்லித்தான் தெரியும். அடிபட்டதைவிட, பத்து நிமிஷத்துக்கு முன்னால் பின்சீட்டில் யார் இருந்தார்கள் என்பதை நினைத்துத்தான் பல நாள் தூக்கம் வரவில்லை.

படுக்கையில் இருந்தபோது, நாம் தினமும் பெட்டிக்குப் பார்க்கும் கணக்கைத் தலைக்குப் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பிளஸ் டூ பாடம்தான், பயப்பட வேண்டாம். ஒரு பொருள் விழும் உயரத்தை, அது நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தூரத்தால் வகுத்தால், புவியீர்ப்பைப் போல் எத்தனை மடங்கு அதிர்ச்சி சராசரியாக அதன் மேல் வருகிறது என்பது கிடைத்துவிடும். நம் தலை தரையிலிருந்து ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெறும் தலை கான்கிரீட்டில் மோதினால் தோலும் சதையும் நசுங்க ஒரு 3 மில்லிமீட்டர் கிடைக்கலாம். 1600-ஐ 3-ஆல் வகுத்தால் 533 மடங்கு. அதே தலை 25 மில்லிமீட்டர் நசுங்கிக்கொடுக்கும் ஒரு மெத்தையில் விழுந்தால் 64 மடங்கு. இவ்வளவுதான் ஹெல்மெட். மேலே பளபளக்கும் ஓட்டைப் பார்த்துத்தான் நாம் விலை பேசுகிறோம். வேலை செய்வது உள்ளே இருக்கும் அந்த ஒரு அங்குலத் தெர்மோகோல். பம்புப் பெட்டியில் நான் வைப்பதைவிட அடர்த்தி கூடுதலான தெர்மோகோல், சாதி ஒன்றுதான். ஓடு கூர்மையான கல் குத்தாமல் தடுக்கிறது, அடியைப் பரவலாக்குகிறது, தரையில் வழுக்கிப் போக உதவுகிறது. நம் கொட்டகையில் பார்த்த அந்த ஸ்பாஞ்சு ஹெல்மெட், தலைக்குச் சுகமான ஒரு வாளி.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். நான் போட்ட கணக்கில் வண்டியின் வேகமே வரவில்லை. நின்ற வண்டியிலிருந்து விழுந்தாலும் தலை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். ஓடும் வண்டி என்றால் அந்த வேகத்தில் பெரும் பகுதி சாலையில் தேய்ந்துகொண்டே போய்க் குறையும், எதிரில் கம்பமோ லாரியோ இல்லாதவரை. ஐரோப்பியச் சோதனையில் ஹெல்மெட்டை நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் இரும்பின் மேல் மோதவிடுகிறார்கள். அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர். "இவ்வளவுதானா? நான் எண்பதில் போறேனே" என்று தம்பிகள் கேட்பீர்கள். ஏறத்தாழ 2.9 மீட்டர் உயரத்திலிருந்து தலைகீழாக விழுவதற்குச் சமம் அது. அதற்கு மேல் போகப் போக ஹெல்மெட்டின் காப்பு குறையும் என்பதும் உண்மை. அதனால்தான் பிரேக் என்று ஒன்று இருக்கிறது.

"நான் மெதுவாத்தான் போவேன், எனக்கெதுக்கு" என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் என்பவரின் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டது. வரிசைப்படுத்தி நடுவில் வரும் விபத்தை எடுத்தால், மோதும் நேரத்து வேகம் மணிக்கு 21.5 மைல், நம் கணக்கில் 35 கிலோமீட்டர். ஊருக்குள் நாம் ஓட்டும் வேகம்தான். ஹெல்மெட் போட்டதால் காது கேட்காமலோ கண் தெரியாமலோ விபத்து நடந்ததற்குச் சான்று இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது.

இந்த ஆராய்ச்சியெல்லாம் ஆரம்பித்தது ஒரு சாவிலிருந்து. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935 மே மாதம் இங்கிலாந்தில் தன் ப்ரஃப் சுப்பீரியர் வண்டியில் போகும்போது, சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் ஒதுங்கப் போய் விழுந்தார். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹ்யூ கெய்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அவர் அதோடு விடவில்லை. தலையில் அடிபட்டு வந்த ராணுவ மோட்டார் சைக்கிள்காரர்களைப் பற்றி 1941-ல் கட்டுரை எழுதினார். அந்த ஆண்டு நவம்பரிலேயே பிரிட்டிஷ் ராணுவம் தன் வண்டிக்காரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும் உட்புறத்துக்கு அமெரிக்காவில் லொம்பார்டு என்பவரும் அவர் சகாவும் காப்புரிமை பெற்றது 1953-ல். நாம் இன்றும் போடுவது அடிப்படையில் அதைத்தான்.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். என் தையல் கற்றுத் தந்த முதல் பாடம் அளவு. தையற்காரரின் டேப்பை எடுத்து, புருவத்துக்கு ஒரு விரல் மேலே, பின்னந்தலையில் அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அந்த சென்டிமீட்டரோடு கடைக்குப் போங்கள். புது ஹெல்மெட் கன்னத்தை அழுத்தி, வாயில் இரண்டு பக்கமும் கொழுக்கட்டை அடக்கிய மாதிரி இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் பஞ்சு படிந்துவிடும். ஆனால் நெற்றியிலோ பொட்டிலோ ஒரே புள்ளியில் குத்தினால் அது படியாது, தலைவலிதான். அது அளவுக் கோளாறு இல்லை, வடிவக் கோளாறு. நீளவாக்கில் தலை உள்ளவர்கள் உண்டு, பந்து மாதிரி உள்ளவர்கள் உண்டு. வேறு மாடலைக் கேளுங்கள், பெரிய அளவைக் கேட்காதீர்கள். கடையில் கால் மணி நேரம் மாட்டிக்கொண்டே நில்லுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. பிறகு வாரைப் பூட்டிக்கொண்டு, பின்விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளச் சொல்லுங்கள். தாடையைப் பிடித்துப் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். உருண்டு வந்தால் கீழே வைத்துவிடுங்கள். நான் 2014-ல் இந்த ஒரு நிமிஷத்தைச் செலவழிக்கவில்லை.

வார் பூட்டாத ஹெல்மெட்டைப் பற்றிப் பேசுவதே வீண். அது தலைக்கு முன்னால் தரையைத் தொடும்.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. கொண்டையோடு ஹெல்மெட் உட்காராது, மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பின்னலைக் கழுத்துக்குக் கீழே தாழ்த்திக்கொண்டால் உட்காரும். தம்பிகள் வியர்வைக்கென்று தடித்த டவலை நான்காக மடித்து உள்ளே கட்டுகிறார்கள். அந்த டவல் ஹெல்மெட்டை ஒரு அளவு பெரிதாக்கிவிடுகிறது. மெல்லிய பருத்தித் துணி போதும். கழற்றித் துவைக்கக்கூடிய உட்துணி உள்ள ஹெல்மெட்டாக வாங்கினால் அதுவும் தேவையில்லை.

ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜூன் 1 முதல் நாடு முழுக்கக் கட்டாயம். ஐஎஸ் 4151 என்ற எண்ணையும், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணையும் பாருங்கள். ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம், ஆகையால் அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுச் சரிபார்ப்பது நல்லது. கட்டட வேலைக்குப் போடும் மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு போகிறார்களே, அதற்குத் தரநிர்ணயமே வேறு, ஐஎஸ் 2925. மேலிருந்து செங்கல் விழுந்தால் தாங்கச் செய்தது. நாம் செங்கல் மேல் விழப் போகிறவர்கள்.

விலையைப் பொறுத்தவரை, ஒரு கட்டத்துக்கு மேல் நாம் கொடுக்கும் காசு பெரும்பாலும் எடைக்கும், காற்றுத் துளைகளுக்கும், சத்தக் குறைவுக்கும்தான் போகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சுகமும் பாதுகாப்பில் சேர்த்திதான் என்பது என் கட்சி. ஒன்றரைக் கிலோவைக் கழுத்தில் சுமந்துகொண்டு கோவையிலிருந்து மதுரை போனால், திண்டுக்கல் வருவதற்குள் கவனம் பாதி போய்விடும். அறுபது, எழுபது வேகத்துக்கு மேல் காற்றின் இரைச்சல் காதைத் துளைக்கும். நூறில் 90 டெசிபலைத் தாண்டும். மே மாத வெயிலில் உள்ளே வெந்து, சிக்னலில் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்கில் வைத்து, பிறகு மறந்து அப்படியே போகிறவனை நாம் தினமும் பார்க்கிறோம். கழற்றத் தூண்டாத ஹெல்மெட்தான் நல்ல ஹெல்மெட். ஆனால் சுகம் என்று எதைச் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். எடை குறைவது சுகம், காற்று வருவது சுகம். தளர்ச்சி சுகமே இல்லை. கடையில் ஐந்து நிமிஷம் சுகமாகத் தெரியும், அவ்வளவுதான்.

முகம் மூடியதா, திறந்ததா என்ற கேள்வி எப்போதும் வரும். ஜெர்மனியில் டீட்மர் ஓட்டே என்பவர் விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டுகளைச் சேகரித்து, எந்த இடத்தில் அடி அதிகம் என்று குறித்தார். மூன்றில் ஒரு பங்கு அடி தாடையிலும் முகத்தின் முன்பகுதியிலும்தான் விழுந்திருந்தது. திறந்த ஹெல்மெட்டில் அந்த இடத்தில் இருப்பது நம் பல்லும் தாடை எலும்பும். எனவே தம்பி தங்கைகள் எல்லோருக்கும் என் பதில் ஒன்றே: முகம் மூடியது. இதில் பேரம் கிடையாது.

இப்படி அடித்துச் சொல்கிற நான், என் வீட்டிலேயே பேரம் பேசித் தோற்றேன்.

அப்பாவுக்கு 68 வயது. டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டுவார். காலையில் தோட்டம், சாயங்காலம் சந்தை. கழுத்து எலும்புத் தேய்மானம் உண்டு. காது கொஞ்சம் மந்தம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை ஆயிரம் ரூபாய் என்று ஆக்கிய பிறகு, அவருக்காக நல்ல, முகம் மூடிய ஹெல்மெட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பது போல மஞ்சள் தடவித்தான் கொடுத்தேன். இரண்டு நாள் போட்டார். மூன்றாம் நாள் ஆணியில் தொங்கியது.

"ஏம்ப்பா போடறதில்ல?"

"போட்டா கழுத்து இழுக்குது கண்ணு. பின்னால பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சா கேக்க மாட்டேங்குது. திரும்பிப் பாக்கலாம்னா தலை திரும்ப மாட்டேங்குது. நீ சொல்றது சரிதான். ஆனா எனக்கு ஒத்து வரல."

ஹர்ட் அறிக்கையைச் சொன்னேன். இரைச்சலையும் ஆரனையும் ஹெல்மெட் ஒரே அளவில்தான் குறைக்கும், அதனால் ஆரன் கேட்கும் என்றேன். ஹெல்மெட்டுக்கு வெளியே பக்கத்துக்கு 105 டிகிரி தெரியும்படி இருக்க வேண்டும் என்பது சோதனை விதி, அதனால் பார்வை மறையாது என்றேன். எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஆராய்ச்சிகள் நல்ல காதும் திரும்பும் கழுத்தும் உள்ளவர்களைப் பற்றியவை. முப்பது வேகத்தில் போகிற எக்ஸ்எல்லில் காற்று இரைச்சலே கிடையாது, குறைவது ஆரன் மட்டும்தான். அப்பா படித்தது எட்டாம் வகுப்பு. என் வாதத்தில் ஓட்டை இருந்த இடத்தை அவர் கழுத்து சரியாகக் கண்டுபிடித்துவிட்டது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கடைக்கே கூட்டிப் போனேன். கையில் வீட்டு எடைத் தராசையும் எடுத்துக்கொண்டு போனேன், கடைக்காரர் சிரித்தார். முகம் திறந்த, காதுவரை இறங்கும், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஒன்றை அப்பா தேர்ந்தெடுத்தார். எடை ஒரு கிலோவுக்கும் கீழே. தாடைக்குப் பாதுகாப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். வாங்கிக் கொடுத்தேன். ஹெல்மெட் போட்டால் சாவு 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைகிறது என்று 2008-ல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. அது தலையில் இருக்கும் ஹெல்மெட்டுக்கு. ஆணியில் தொங்குவதற்குக் கிடையாது. நான் செய்தது சரியா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை. மழை நாளில் அவர் கிளம்பும்போதெல்லாம் அவருடைய தாடையைத்தான் பார்க்கிறேன்.

ஆனால் இந்தச் சலுகை 68 வயதுக்கும் தேய்ந்த கழுத்துக்கும் 30 கிலோமீட்டர் வேகத்துக்கும்தான். "அண்ணா, எனக்கும் கழுத்து வலிக்குது" என்று இருநூறு சிசி வண்டியோடு யாரும் சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் வர வேண்டாம்.

மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் நம் நாட்டில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள். அந்த இரண்டாவது எண்ணைப் படிக்கும்போது எனக்கு ஒரு மாமியார் வீட்டு வாசல் ஞாபகம் வருகிறது. இப்போது எங்கள் வீட்டில் நான்கு ஹெல்மெட். மகளுடையது சிறிசு, ரோஸ் கலர். வருஷத்துக்கு ஒரு தடவை அவள் தலையை டேப்பால் அளக்கிறேன். அப்பாவின் தையல் தழும்பு எத்தனை சென்டிமீட்டர் என்று அவள் என்னை அளக்கிறாள்.

கடைசியாகச் சில்லறை விஷயங்கள். ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே தெர்மோகோல் நசுங்கியிருக்கும், அது மறுபடி எழும்பாது. பெட்ரோலாலும் தின்னராலும் துடைக்காதீர்கள். பிளாஸ்டிக் ஓடு உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். கீறல் விழுந்த முகக் கண்ணாடியை மாற்றுங்கள், ராத்திரி எதிர் வண்டி வெளிச்சத்தில் அது சிலந்தி வலை மாதிரி ஆகிவிடும். கறுப்புக் கண்ணாடி பகலுக்கு மட்டும். யாராவது விழுந்து கிடந்தால், மூச்சுக்குத் திணறாதவரை ஹெல்மெட்டை அவசரப்பட்டு இழுக்காதீர்கள்; கழற்றியே ஆக வேண்டும் என்றால் ஒருவர் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கழற்ற வேண்டும்.

கொட்டகைக்குப் பக்கத்தில் பணிமனை வாசலில் ஒரு மேஜை போட்டிருக்கிறேன். டேப்பும் தராசும் இருக்கின்றன. சாப்பாடு முடிந்ததும் அவரவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், நாலு மணி வரை அங்கேதான் இருப்பேன். பூட்டு உடைந்த அந்த இரண்டு பேர் முதலில் வரவும்.